மகுடி வாசித்த வால்வுப் பெட்டி

1954இல் ‘நாகின்’ என்றொரு இந்திப் படம் வந்தது. இசை, ஹேமந்த் குமார். லதா மங்கேஷ்கர் பாடிய ‘மன் டோலே மேரா தன் டோலே’ என்ற பாட்டில் ஒரு மகுடி மெட்டு வரும். படத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அந்த மெட்டு உங்கள் காதில் எப்போதாவது விழுந்திருக்கும். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டுக்காரர்கள் அதை எடுத்தால் போதும். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கைக்குட்டையின் முனையை வாயில் வைத்து மகுடி ஊதுவார். இன்னொருவர் தலைக்கு மேல் கையைக் குவித்துப் படமெடுத்து ஆடுவார். ‘நாகின் டான்ஸ்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த மெட்டை வாசித்தது மகுடி இல்லை. ஹேமந்த் குமாரின் குழுவில் இருந்த கல்யாண்ஜி வீர்ஜி ஷா என்ற இளைஞர், ‘கிளாவியோலின்’ என்ற மின்னணுக் கருவியின் கட்டைகளை அழுத்தி அதை வாசித்தார். ரவி என்ற இன்னொரு உதவியாளர் கூடவே ஹார்மோனியம் வாசித்தார். இரண்டும் சேர்ந்த ஒலியைத்தான் எழுபது ஆண்டுகளாக மகுடி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பின்னாளில் இருவருமே பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள். கல்யாண்ஜி தன் தம்பியுடன் சேர்ந்து ‘கல்யாண்ஜி – ஆனந்த்ஜி’ ஆனார். ரவி மலையாளப் படங்களுக்கு வந்தபோது ‘பம்பாய் ரவி’ ஆனார்.

கல்யாண்ஜியின் குடும்பம் கட்ச் பகுதியிலிருந்து பம்பாய்க்கு வந்து மளிகைக் கடை வைத்திருந்தது. கடன் பாக்கியைக் கட்ட முடியாத வாடிக்கையாளர் ஒருவர், அதற்கு ஈடாகக் கடைக்காரரின் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார் என்று சொல்வார்கள். அரிசி, பருப்புக் கணக்கு இந்தி சினிமாவுக்கு ஓர் இசைக் குடும்பத்தைக் கொடுத்துவிட்டது.

அது இருக்கட்டும். பிரான்சில் செய்த ஒரு மின்சாரப் பெட்டிக்கு நம் பாம்பாட்டியின் குரல் எப்படி வந்தது? இதில் நல்ல இயற்பியல் இருக்கிறது.

பியானோவோடு ஒட்டிக்கொண்ட கருவி

மின்சாரத்தால் இசை உண்டாக்கும் ஆசை அப்போதே பழசு. அமெரிக்காவில் தாடியஸ் காஹில் என்பவர் 1897இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ‘டெல்ஹார்மோனியம்’ என்று பெயரிட்ட அவருடைய கருவி 1906இல் நியூயார்க்கில் அரங்கேறியது. எடை சுமார் 200 டன். ஒவ்வொரு சுரத்துக்கும் மின்னாக்கிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அப்போது ஒலிபெருக்கி கிடையாது என்பதால் அந்த இசையைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாக அனுப்பினார்கள். பக்கத்துக் கம்பியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காதிலும் அது புகுந்து வம்பானது.

லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டுபிடித்த பிறகு இத்தனை பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. 1915இல் அவரே வால்வுகளை வைத்து ஒரு பியானோ செய்து பார்த்தார். 1928இல் பாரிஸில் மாரீஸ் மார்த்தெனோ தன் ‘ஓந்த் மார்த்தெனோ’வை மேடையேற்றினார். 1935இல் ஹம்மண்ட் ஆர்கன் வந்தது. இவையெல்லாம் சர்ச்சுக்கும் பெரிய அரங்குக்கும் ஏற்றவை. நடன விடுதியில் வாசித்துப் பிழைக்கும் ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை இல்லை.

அந்த ஆளுக்காக 1947இல், பாரிஸை அடுத்த வெர்சாயில், கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பொறியாளர் உருவாக்கியதுதான் கிளாவியோலின். இரண்டே உருப்படி. ஒன்று, மூன்று ஸ்தாயி அளவுக்குக் கட்டைகள் உள்ள சின்னப் பலகை. இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் அடங்கிய பெட்டி. பலகையைப் பியானோவின் கட்டைகளுக்கு அடியில் பொருத்திக்கொள்ளலாம். இடது கை பியானோவில் இருக்க, வலது கை கிளாவியோலினில் வயலினோ குழலோ வாசிக்கும். இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டதே, ஒலியைக் கூட்டிக் குறைப்பது எப்படி? அதற்கு முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல். தனி ஒருவரே ஒரு குழுவாக ஒலிக்கலாம், சம்பளம் மட்டும் ஒருவருக்குக் கொடுத்தால் போதும். விடுதி முதலாளிகளுக்குப் பிடிக்காமல் போகுமா?

அமெரிக்காவின் ஹம்மண்ட் கம்பெனி 1940இலேயே ‘சோலோவாக்ஸ்’ என்ற பெயரில் இதே போன்ற கருவியை விற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கிளாவியோலின் நாடு நாடாகப் பரவியது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் செல்மர், ஜெர்மனியில் யோர்கன்சன், அமெரிக்காவில் கிட்டார் செய்யும் கிப்சன் என்று பல நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தயாரித்தன.

கட்டைகளுக்கு முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன விசைகள் இருக்கும். இந்த விசைகளைப் போட்டால் வயலின், அவற்றைப் போட்டால் குழல், வேறு சிலவற்றைப் போட்டால் டிரம்பெட் என்று வாத்தியங்களை மாற்றிக்கொள்ளலாம். நடுக்கம் வேண்டுமானால் அதற்கும் விசை உண்டு. ஒலியின் சுருதி நொடிக்கு ஐந்தாறு முறை மெல்ல ஏறி இறங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உங்கள் தாத்தா பாட்டியிடம் வால்வு ரேடியோவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். போட்டவுடன் அது பாடாது. உள்ளே இருக்கும் கம்பி ஆரஞ்சு நிறத்தில் கனன்று, பெட்டி சூடாகி, அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். கிளாவியோலினும் அப்படித்தான்.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட கண்ணாடிக் குமிழ். அதற்குள் சூடான பாகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். எதிரே நேர் மின்னூட்டம் உள்ள தகடு அவற்றை இழுக்கும். நடுவில் ஒரு கம்பி வலை. வலைக்குச் சிறிது எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் தகட்டுக்குப் போக முடியாமல் தடைபடும். அதை எடுத்துவிட்டால் பாயும். சின்ன மின்னழுத்தத்தால் பெரிய மின்னோட்டத்தை அடக்கி ஆளலாம்.

இப்போது இரண்டு வால்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வால்வின் தகட்டை ஒரு மின்தேக்கி வழியாக இரண்டாவதன் வலையோடு இணைக்க வேண்டும். இரண்டாவதன் தகட்டை அதேபோல முதலாவதன் வலையோடு இணைக்க வேண்டும். பூங்காவில் இருக்கும் சீசாவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனை கீழே போனால் மறுமுனை மேலே போகும், நடுவில் நிற்காது. இந்த இரண்டு வால்வுகளும் அப்படியே. முதல் வால்வில் மின்னோட்டம் பாயும்போது இரண்டாவதை அது அடைத்துவிடும். மின்தேக்கி வழியாக மின்னூட்டம் மெல்ல வடிந்ததும் இரண்டாவது திறந்துகொள்ளும், முதலாவது அடைபடும். மறுபடி மாறும். மறுபடி. இதைப் ‘பல்லதிர்வி’ என்கிறோம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆப்ரஹாம், பிளாக் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். இசைக்காக இல்லை, அதிர்வெண்களை அளப்பதற்காக.

இந்த மாறாட்டம் நொடிக்கு 240 முறை முழுதாக நடந்தால், ஒலிபெருக்கியில் 240 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கும். அதையே நம் ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். வேறு கட்டையை அழுத்தினால் மின்சுற்றில் சேரும் பாகம் மாறும். மின்னூட்டம் வடிய எடுத்துக்கொள்ளும் நேரம் மாறும். சுருதியும் மாறும்.

இந்தக் கருவியில் ஒரு சமயத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் பாடும். ஐரோப்பிய இசையில் நாலைந்து சுரங்களை ஒன்றாக அடுக்கி வாசிப்பது வழக்கம் என்பதால் அங்கே இது ஒரு குறை. கூடவே பியானோ இருந்ததால்தான் சமாளித்தார்கள். நம் இசைக்கு இது குறையே இல்லை. ஒரே இழையாக ஓடும் மெட்டுதானே நமக்கு உயிர்! உண்மையான குறை வேறொன்று. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் விரல் போக முடியாது, வழுக்கி இழுக்கும் கமகங்கள் வராது. இதே காரணத்தைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்திருந்தது. சினிமாக்காரர்கள் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. நல்ல வேளை.

ஒரு ‘ச’வுக்குள் ஒளிந்திருக்கும் ‘ப’

இங்கே கொஞ்சம் நின்று ஒரு சோதனை செய்வோம். ஏதாவது ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு ‘ஆ’ என்று பாடுங்கள். சுருதியை மாற்றாமல் ‘ஈ’ என்று பாடுங்கள். பிறகு ‘ஊ’. சுரம் ஒன்றுதான், ஒலி வேறு வேறு. இந்த வேறுபாட்டை ‘ஒலித்தரம்’ என்கிறோம். வீணையின் ‘ச’வும் நாகசுரத்தின் ‘ச’வும் ஒரே சுருதியில் இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இது எது என்று சொல்லிவிடுகிறோமே, அது ஒலித்தரத்தால்தான்.

காரணம் என்ன? 1822இல் ழோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் வெப்பம் பரவுவதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எப்படிப்பட்ட வடிவமாக இருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் அலையை வழவழப்பான பல சைன் அலைகளின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது அவர் கண்ட வழி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1863இல் அதை இசைக்குப் பொருத்தினார். ஒரு வாத்தியம் 240 ஹெர்ட்ஸில் ‘ச’ பாடும்போது 240 மட்டும் ஒலிப்பதில்லை. 480, 720, 960, 1200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. இவற்றைச் ‘சீரிசை’கள் என்கிறோம். எந்த மடங்கு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒலித்தரம் அமைகிறது.

கிளாவியோலினின் வால்வுகள் ‘முழுத் திறப்பு, முழு அடைப்பு’ என்று மாறுவதால் அங்கே உண்டாகும் அலை, மலை போல வளையாமல் மதில் போலச் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய சதுர அலை. சதுர அலைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். 240, 720, 1200, 1680... முதல் ஒலியின் பலம் 1 என்றால் மூன்றாவதன் பலம் 1/3, ஐந்தாவதன் பலம் 1/5, ஏழாவதன் பலம் 1/7. இரட்டைப்படை மடங்குகள் கிடையாது.

இதை இசைக் கணக்கில் சொல்லிப் பாருங்கள், சுவையாக இருக்கும். 480 என்பது மேல் ஸ்தாயி ‘ச’. அது இதில் இல்லை. 720 என்பது மேல் ஸ்தாயி ‘ப’. அது இருக்கிறது. 1200 என்பது அதற்கும் மேல் ஸ்தாயியில் அந்தர காந்தாரம். அதுவும் இருக்கிறது. தம்புராவை மீட்டிக் கூர்ந்து கேட்டால் யாரும் வாசிக்காத காந்தாரம் ஒன்று தானாக எழும் என்று பாடகர்கள் சொல்வார்களே, அதே காந்தாரம்தான்.

சுரைக்குடுக்கையும் அதே கணக்கும்

இப்போது மகுடிக்கு வருவோம். காய்ந்த சுரைக்குடுக்கை, அதன் அடியில் இரண்டு குழல்கள். ஒவ்வொரு குழலின் தலையிலும் நாணலைச் சீவி உண்டாக்கிய ஒற்றை நாக்கு துடிக்கும். ஒரு குழல் விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். துளைகள் உள்ள இன்னொரு குழலில் மெட்டு ஓடும். பாம்பாட்டி கன்னத்தில் காற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சை இழுப்பார். குடுக்கையும் காற்றைச் சேர்த்து வைக்கும். அதனால் ஒலி எங்குமே அறுபடாது.

குழலின் உள்துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். நாக்கு இருக்கும் முனை மூடிய முனை போல நடந்துகொள்கிறது, மறுமுனை திறந்தது. ஒரு முனை மூடிய குழாயில் காற்று எப்படி அதிரும் என்று மேல்வகுப்பு இயற்பியலில் படிப்பீர்கள். மூடிய முனையில் அழுத்தம் மிகவும் கூடிக் குறையும், திறந்த முனையில் அது மாறாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் கட்டுப்பட்டுக் குழாய்க்குள் கால் அலை அடங்கும், முக்கால் அலை அடங்கும், ஒன்றேகால் அலை அடங்கும். அரை அலையோ முழு அலையோ அடங்காது. கால், முக்கால், ஒன்றேகால் என்றால் 1, 3, 5. மறுபடியும் ஒற்றைப்படை!

வெர்சாயில் வால்வு மாறாட்டத்தால் வந்த கணக்கும், நாணல் குழலில் காற்று அடங்கியதால் வந்த கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நிஜக் குழல்களில் மேலே போகப்போக இரட்டைப்படை மடங்குகளும் கொஞ்சம் தலைகாட்டும். கிளாவியோலினின் அலையும் அச்சு அசல் சதுரம் இல்லை. ஆனாலும் நம் காது ஏமாறுவதற்கு இந்த ஒற்றுமை போதும். மேற்கத்திய கிளாரினெட்டும் இதே குடும்பம்தான். நாகசுரம் வேறு. அதன் துளை மேலே குறுகிக் கீழே போகப்போக விரியும், கூம்பு வடிவம். கூம்பில் எல்லா மடங்குகளும் ஒலிக்கும். கல்யாண்ஜி இதையெல்லாம் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, காதால் கண்டுபிடித்தார். கணக்குப் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மகுடிக்காரர் மூச்சு வாங்கினாலும் ஒலி நிற்காது. கிளாவியோலினுக்கு மூச்சே கிடையாது. கட்டையில் விரல் இருக்கும்வரை ஒலி ஒரே சீராக ஓடும்.

பாம்பு இந்த இசையைக் கேட்டு மயங்குமா என்று கேட்பீர்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையில் பரவும் அதிர்வை நன்றாக உணரும், காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளை ஓரளவு உணரும். பாம்பாட்டியின் கையில் மகுடி அசைவதைப் பார்த்து, அது தன்னைத் தாக்க வருகிறதோ என்று அதன் திசையில் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் அதை ஆட்டம் என்கிறோம். பயந்துபோயிருக்கும் பிராணி அது. பாம்பைப் பிடித்து வித்தை காட்டுவது இப்போது சட்டப்படி குற்றம்.

வயலின் ஏன் வரவில்லை?

கிளாவியோலினை வாங்கியவர்கள் வயலின் கிடைக்கும் என்று நம்பித்தான் வாங்கினார்கள். விசைகள் ஒவ்வொன்றும் ஒரு வடிப்பான். மின்தேக்கியும் மின்தடையும் சேர்ந்து மேல் மடங்குகளைக் குறைத்தால் குழல் போலக் குழைவாக ஒலிக்கும், கீழ் மடங்குகளைக் குறைத்தால் மூக்கால் பேசுவதுபோலக் கூர்மையாக ஒலிக்கும். சற்று முன் நீங்கள் ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ பாடியபோது உங்கள் வாயும் இதே வேலையைத்தான் செய்தது. குரல்வளை உண்டாக்குவது ஒரே ரீங்காரம். வாயும் நாக்கும் உதடும் அதை வடிகட்டுகின்றன.

இருந்தும் வயலின் வரவில்லை. மடங்குகளின் கணக்கு சரியாக இருந்தாலும் ஒலி பிறக்கும் அந்த முதல் நொடித்துளி சரியாக இல்லை. 1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, மணி அடிபடும் அந்தத் தொடக்கத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதியை ஒலிக்கவிட்டார். அது மணியாகவே கேட்கவில்லை, ஊதுகருவி போலக் கேட்டது! ஒலியின் நடுப்பகுதியைவிடத் தொடக்கத்தை வைத்துத்தான் காது வாத்தியத்தை அடையாளம் காண்கிறது. வயலினில் வில் நரம்பைக் கவ்வும், உரசும், கொஞ்சம் தயங்கும், பிறகுதான் சுரம் நிலைக்கும். கிளாவியோலினில் கட்டையை அழுத்தினால் உடனே முழு ஒலி, எடுத்தால் உடனே மௌனம். எத்தனை விசை போட்டாலும் இந்தப் பிசிறற்ற தொடக்கம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைக் கேட்டால், கிளாவியோலின் பெயர் வாங்கியதே இந்தத் தோல்வியால்தான். மற்ற வாத்தியங்களைப் போலப் பாட வந்த கருவி அதில் ஜெயித்திருந்தால், வாடகை வயலினாக இருந்துவிட்டு மறைந்து போயிருக்கும். தோற்றதால் அதற்கென்று ஒரு குரல் மிஞ்சியது. அந்தக் குரலை எங்கே பொருத்தலாம் என்று யோசித்தவர்கள் கெட்டிக்காரர்கள். பம்பாயில் ஒருவர் பாம்பாட்டியிடம் கொண்டுபோனார். லண்டனில் ஒருவர் விண்வெளிக்குக் கொண்டுபோனார்.

விண்ணுக்குப் போன பாட்டு

1962 ஜூலை 10. அமெரிக்கா ‘டெல்ஸ்டார்’ என்ற செயற்கைக்கோளை ஏவியது. 77 கிலோ எடை, கிட்டத்தட்ட 88 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள பந்து. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரடித் தொலைக்காட்சிப் படங்களை அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. லண்டனில் ஹாலோவே சாலையில், தோல் பொருள் கடைக்கு மேலே இருந்த தன் குடியிருப்பையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்த ஜோ மீக் இதில் மயங்கிப்போனார். உடனே ஒரு மெட்டுப் போட்டார். சொற்களே இல்லாத பாட்டு. ‘தி டொர்னேடோஸ்’ என்ற குழு வாசித்தது. அவர்கள் வாசித்துவிட்டுப் போன பிறகு ஜெஃப் கோடார்ட் என்பவர் அதன்மேல் கிளாவியோலினைச் சேர்த்து வாசித்தார்.

‘டெல்ஸ்டார்’ என்றே பெயரிட்ட அந்த இசைத்தட்டு அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. டிசம்பரில் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போன முதல் பிரிட்டிஷ் குழு அதுதான், பீட்டில்ஸுக்கும் முன்பே. வயலினுக்கு ஒரு குரல் உண்டு, நம் காதுக்குத் தெரியும். விண்வெளிக்கு எந்தக் குரலும் கிடையாது, அங்கே காற்றே இல்லையே! அதனால் கிளாவியோலின் பாடியதை விண்வெளியின் குரல் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பாட்டு அமெரிக்காவில் உச்சியில் இருந்த அந்த டிசம்பரில் செயற்கைக்கோள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அது ஏவப்படுவதற்கு முந்தைய நாள் அமெரிக்கா வானத்தின் உயரத்தில் ஓர் அணுகுண்டைச் சோதித்திருந்தது. அந்தக் கதிர்வீச்சு டெல்ஸ்டாரின் டிரான்சிஸ்டர்களைப் பாழாக்கி, நவம்பரில் அதை முடக்கிவிட்டது. ஜனவரியில் கொஞ்ச நாள் உயிர்ப்பித்தார்கள். 1963 பிப்ரவரியில் நிரந்தரமாக அடங்கியது. வால்வுப் பெட்டியில் வாசித்த பாட்டோ இன்றும் ஓடுகிறது.

‘டெல்ஸ்டார்’ பாட்டுக்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவில் டெல் ஷானன் பாடிய ‘ரன்அவே’ பாட்டிலும் கிளாவியோலினின் உறவுக்காரக் கருவி ஒன்று வந்தது. மாக்ஸ் க்ரூக் என்பவர் கிளாவியோலினைப் பிரித்து மேய்ந்து, தானே மாற்றியமைத்து, ‘மியூசிட்ரான்’ என்று பெயர் வைத்திருந்தார். ஜாஸ் இசைக்கலைஞர் சன் ரா 1960களில் கிளாவியோலினை வாசித்தார். 1967இல் பீட்டில்ஸின் ‘பேபி, யூ ஆர் எ ரிச் மேன்’ பாட்டில் ஜான் லெனன் வாசித்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள், ஷெனாய் என்று சத்தியம் செய்வீர்கள்.

பெட்டி போனது, அலை போகவில்லை

அதற்குள் காலம் மாறிவிட்டது. வால்வுகள் சூடாகும், உடையும், மின்சாரம் தின்னும். டிரான்சிஸ்டர் இவை எல்லாவற்றையும் ஒழித்தது. 1964இல் ராபர்ட் மூக் தன் சிந்தசைசரை அறிமுகம் செய்தார். 1970இல் மேசைமேல் வைத்து வாசிக்கும் ‘மினிமூக்’ வந்தது. அதுவும் ஒரு சமயத்தில் ஒரு சுரம் பாடுவதுதான். அதிலும் சதுர அலை உண்டு, வடிப்பான் உண்டு. கிளாவியோலினில் விசையைப் போட்டால் வடிப்பான் வேலை செய்யும், எடுத்தால் நிற்கும், அவ்வளவுதான். மூக்கின் கருவியில் வடிப்பானைத் திருகி விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், வாசிக்கும்போதே மாற்றலாம். ஒலியின் தொடக்கத்தையும் முடிவையும்கூட மெதுவாக்கலாம். கிளாவியோலினைக் காட்டிக்கொடுத்த அந்த முதல் நொடித்துளிக்கு ஒருவழியாக மருந்து கிடைத்தது.

சதுர அலை வேறு வேலைகளுக்கும் போனது. 1983இல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டியில் மெட்டுகளை வாசித்தவை சதுர அலைக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குரல்கள்தான். மாரியோ குதித்து ஓடும்போது கேட்கும் இசை நினைவிருக்கிறதா? அது. பல்லதிர்வியின் நெருங்கிய உறவினரான இன்னொரு இரட்டை வால்வுச் சுற்றோ கணினிக்குப் போனது. 1946இல் வெளி உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ கணினி, இன்ன வால்வு திறந்திருக்கிறது, இன்ன வால்வு மூடியிருக்கிறது என்பதை வைத்தே எண்களை நினைவில் கொண்டது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ மின்னணுக் கீபோர்டு இருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் பொதுப் பட்டியலில் 81ஆம் எண் சதுர அலை ஒலிக்கு உரியது. சில கீபோர்டுகளில் எண் மாறலாம், பெயரைப் பார்த்துத் தேடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து ‘நாகின்’ மெட்டை வாசித்துப் பாருங்கள். கீபோர்டு இல்லாவிட்டால் கைபேசியில் ஒலி அலை உண்டாக்கும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். 240 ஹெர்ட்ஸ் வைத்து முதலில் சைன் அலை, பிறகு சதுர அலை. சதுர அலை ஒலிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, அதற்குள் மேல் ஸ்தாயி ‘ப’ கேட்கிறதா என்று தேடுங்கள். முதலில் செயலியில் 720 ஹெர்ட்ஸ் சைன் அலையைத் தனியாகக் கேட்டுக்கொண்டு, பிறகு தேடினால் எளிதில் பிடிபடும். ஒலியைக் குறைத்தே வையுங்கள். சதுர அலை காதைக் குத்தும், பக்கத்து அறையில் யாராவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் உங்களையும் யாராவது குத்துவார்கள்.